விண்டோஸ் 10 முடிந்துவிட்டது என்பதற்காக நல்ல மெஷினை எடைக்குப் போடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சேலம் அஸ்தம்பட்டியில், கோர்ட்டுக்குப் பக்கத்தில் ஜாப் டைப்பிங், ஜெராக்ஸ் கடை நடத்துகிறேன். மனு, பிரமாணப் பத்திரம், வாடகை ஒப்பந்தம், கல்யாணப் பத்திரிகை என்று எல்லாம் அடிப்போம். 2025 அக்டோபருக்குப் பிறகு வருகிறவர்களில் பலர் வேலையை முடித்துக்கொண்டு கிளம்பும்போது ஒரு கேள்வி கேட்கிறார்கள். "அக்கா, எங்க சிஸ்டம் விண்டோஸ் 10. இனிமே ஓடாதுன்னு சொல்றாங்க. புதுசுதான் வாங்கணுமா?"

இப்படிக் கேட்கிறவர்கள் வசதி உள்ளவர்கள் இல்லை. செவ்வாய்ப்பேட்டையில் நாலு பேரை வைத்துக் கொலுசுப் பட்டறை நடத்துகிறவர், அம்மாப்பேட்டையில் தறிக் கணக்கு எழுதுகிறவர், ஏற்காட்டிலிருந்து பஸ் பிடித்து இறங்கி வரும் கல்லூரிப் பிள்ளைகள். முப்பதாயிரம், நாற்பதாயிரம் ரூபாய் என்பது இவர்களுக்கு ஒரு சீட்டு எடுத்துக் கட்ட வேண்டிய பணம். அந்தப் பணத்தைப் பயத்தில் செலவழிக்க வேண்டாம் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாக இருக்கும். முடிந்தவரை முழுதாக வெளியிடுங்கள்.

முதலில் நடந்தது என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். விண்டோஸ் 10 வந்தது 2015 ஜூலையில். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் அதற்கான ஆதரவை நிறுத்திக்கொண்டது. அதாவது மாதாமாதம் இலவசமாக வந்துகொண்டிருந்த பாதுகாப்புத் திருத்தங்கள் இனி தானாக வராது. அவ்வளவுதான். மெஷின் நிற்காது. டைப் அடிக்கும், பிரிண்ட் போகும், பிரவுசர் திறக்கும். "தேதி முடிஞ்சது, ஒருநாள் காலையில ஆன் ஆகாது" என்று ஒரு கடையில் சொன்னார்களாம், அதைக் கேட்டுவிட்டு ஒரு அம்மா என்னிடம் கண் கலங்கி நின்றார். மகள் ஆன்லைனில் டியூஷன் எடுக்கிற மெஷின் அது. அப்படி எதுவும் நடக்காது என்று சொல்லித் தேற்றி அனுப்பினேன்.

ஆனால் "ஓடுதே, அப்புறம் என்ன" என்று அப்படியே விடுவதும் சரியில்லை. 2017 மே மாதம் வானாக்ரை என்ற வைரஸ் உலகம் முழுவதும் கம்ப்யூட்டர்களைப் பூட்டிப் பணம் கேட்டது ஞாபகம் இருக்கும். இங்கிலாந்தில் அரசு மருத்துவமனைகளே திண்டாடின. அது நுழைந்த ஓட்டையை அடைக்கிற திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அந்த வருடம் மார்ச்சிலேயே கொடுத்துவிட்டது. போடாமல் விட்டவர்கள்தான் மாட்டினார்கள். இனி விண்டோஸ் 10-இல் புதிதாக ஒரு ஓட்டை தெரிய வந்தால், ஒன்றும் செய்யாமல் விட்ட மெஷினில் அது திறந்தே கிடக்கும். "டிஃபெண்டர் அப்டேட் வருதே" என்று, விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸைச் சொல்லிச் சிலர் கேட்கிறார்கள். வருகிறது, 2028 அக்டோபர் வரை வரும் என்றும் சொல்லியிருக்கிறார்கள். அது திருடனின் முகத்தை அடையாளம் காட்டுகிற வேலை. உடைந்த கதவை அது சரி செய்யாது.

என்னைப் போன்ற கடைக்காரர்களுக்கு இதில் பொறுப்பு இன்னும் அதிகம். என் மெஷினில் இருப்பது என் கணக்கு மட்டும் இல்லை. ஊரார் ஆதார், பான், வங்கிப் பாஸ்புக் முதல் பக்கம், விவாகரத்து மனு, பாகப் பிரிவினைப் பத்திரம் எல்லாம் அதன் வழியாகத்தான் போகின்றன. பிறருடைய விவரங்களைக் கையாளுகிறவர்களின் கடமை பற்றி 2023-இல் தனிச் சட்டமே வந்திருக்கிறது. சட்டம் இருக்கட்டும், நம்மை நம்பி ஒருவர் காகிதத்தை நீட்டுகிறார், அதுவே போதும். ஆகவே புதிதாக வாங்கவும் அவசரப்படக் கூடாது, சும்மாவும் இருக்கக் கூடாது. இந்த மெஷினில் என்ன வேலை நடக்கிறது, அந்த வேலைக்கு எது தேவை என்று பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். என் கடையில் மூன்று மெஷின். மூன்றுக்கும் மூன்று முடிவு எடுத்தேன்.

முன்னால் இருக்கும் மெஷின் 2019-இல் வாங்கியது, எட்டாம் தலைமுறை இன்டெல் ஐ3 பிராசஸர். விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் வைத்திருக்கும் நிபந்தனைகள் கொஞ்சம் கெடுபிடியானவை. நான்கு ஜி.பி. ராம், 64 ஜி.பி. இடம் என்பது பெரிய விஷயமில்லை. இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிறகோ வேண்டும். மெஷின் ஆன் ஆகும்போது நம்பகமான மென்பொருளை மட்டும் துவங்கவிடும் செக்யூர் பூட் வசதி வேண்டும், டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும். என் மெஷினில் மைக்ரோசாஃப்டின் பி.சி. ஹெல்த் செக் செயலியைப் போட்டுப் பார்த்தால் "தகுதி இல்லை" என்று வந்தது. விசாரித்த ஒரு கடையில், "இதுல டி.பி.எம். இல்லைங்க, மாத்திடுங்க, பழசை எக்ஸ்சேஞ்சில் எடுத்துக்கறோம்" என்றார்கள்.

எட்டாம் தலைமுறை மெஷினில் அது இல்லாமல் இருக்காதே என்று எனக்குத் தோன்றியது. மெஷினை மறுபடி ஆன் செய்து, டெலிட் கீயைத் தட்டி, விண்டோஸுக்கு முன்பே வரும் அமைப்புப் பக்கமான பயாஸ் உள்ளே போனேன். பாதுகாப்புப் பகுதியில் இன்டெல் பி.டி.டி. என்று ஒரு வரி, அதற்கு எதிரே "டிஸேபிள்ட்" என்று இருந்தது. டி.பி.எம். வேலையைச் செய்வது அதுதான். தனியாக ஒரு சில்லு வேண்டியதில்லை, பிராசஸருக்குள்ளேயே இருக்கிறது. ஏ.எம்.டி. மெஷின் என்றால் எஃப்.டி.பி.எம். என்று இருக்கும். அதை "எனேபிள்ட்" ஆக்கி, சேமித்து வெளியே வந்து, விண்டோஸ் கீயையும் ஆர் கீயையும் சேர்த்து அழுத்தி, tpm.msc என்று அடித்தால், திரையில் "2.0" என்று காட்டியது.

அதோடு முடியவில்லை. விண்டோஸ் பழைய முறையில் போடப்பட்டிருந்ததால் செக்யூர் பூட் ஆன் ஆகவில்லை. டிஸ்க்கைப் பிரித்து வைக்கும் முறை எம்.பி.ஆர். என்ற பழைய வடிவத்தில் இருந்தது, அதை ஜி.பி.டி. என்ற புதிய வடிவம் ஆக்க வேண்டும். இதற்கு விண்டோஸிலேயே ஒரு கருவி இருக்கிறது, ஃபார்மட் அடிக்காமலே மாற்றிக் கொடுக்கும். இந்த இடத்தில் மட்டும் தெரிந்தவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், ஃபைல்களை எல்லாம் முன்கூட்டியே வெளி ஹார்ட் டிஸ்க்கில் எடுத்து வையுங்கள். எனக்கு மாலை கடை மூடிய பிறகு உட்கார்ந்து செய்த வேலை. அசல் விண்டோஸ் 10 என்பதால் 11 இலவசமாக இறங்கியது. ஒரு பைசா செலவில்லை. எக்ஸ்சேஞ்சில் போக இருந்த மெஷின் இன்றைக்கும் என் கடையின் முதல் மெஷின்.

எக்ஸ்சேஞ்சுக்குப் போன எத்தனையோ மெஷின்களில் இந்த ஒரு வரி மட்டும் "டிஸேபிள்ட்" என்று இருந்திருக்கும் என்று நினைத்தால் வயிறு எரிகிறது. 2018-க்குப் பிறகு வாங்கிய மெஷின் வைத்திருப்பவர்கள் யாராக இருந்தாலும், கடைக்குத் தூக்கிக்கொண்டு போகும் முன் இதைப் பார்த்துவிடுங்கள்.

இன்னொரு பக்கமும் உண்டு. நிஜமாகவே தகுதி இல்லாத பழைய மெஷினில் குறுக்கு வழியில் விண்டோஸ் 11 போட்டுக் கொடுக்கிறவர்களும் ஊரில் இருக்கிறார்கள். போட முடியும், ஓடவும் ஓடும். ஆனால் அப்படிப் போட்ட மெஷினுக்கு அப்டேட் வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை என்று மைக்ரோசாஃப்டே சொல்கிறது. கோர் 2 டுயோ காலத்து மெஷின்களில் விண்டோஸ் 11-இன் 24ஹெச்2 பதிப்பு துவங்கவே துவங்காது. போட்டுக் கொடுப்பவர் இதைச் சொல்லிவிட்டுப் போட்டால் தப்பில்லை. சொல்லாமல் காசு வாங்குவதுதான் தப்பு. கிராக் விண்டோஸ் பற்றிச் சொல்லவே வேண்டாம். பாதுகாப்புக்காக மாறுகிறோம் என்று கிளம்பிவிட்டு, லைசென்ஸ் இல்லாமலே விண்டோஸைத் திறந்துவிட யாரோ எழுதிய ஆக்டிவேட்டரை ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு ஓடவிடுவதில் என்ன பாதுகாப்பு இருக்கிறது?

இரண்டாவது மெஷின்தான் நான் அதிகம் பேச விரும்புவது. நான்காம் தலைமுறை ஐ3, நான்கு ஜி.பி. ராம். விண்டோஸ் 11-க்கு முறையான வழியில் ஆகாது. இதில் நடக்கும் வேலையைப் பார்த்தேன். பட்டா, சிட்டா எடுப்பது, வில்லங்கம் பார்ப்பது, டி.என்.பி.எஸ்.சி. விண்ணப்பம், ரயில் டிக்கெட், சாதிச் சான்று, வருமானச் சான்று. எல்லாமே பிரவுசரில் நடக்கிறது. பிரவுசருக்கு விண்டோஸ்தான் வேண்டும் என்று யார் சொன்னது? பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, அதைவிட வேகமான எஸ்.எஸ்.டி. ஒன்று போட்டு, லினக்ஸ் மின்ட் ஏற்றினேன், அது விண்டோஸுக்குப் பதிலாகப் போடுகிற இலவச ஓ.எஸ். (கம்ப்யூட்டரை இயக்கும் அடிப்படை மென்பொருள்). மின்ட்டில் மூன்று வகை இருக்கின்றன, ராம் குறைந்த மெஷினுக்கு எக்ஸ்.எஃப்.சி.இ. வகை நல்லது. மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை திருத்தங்கள் வரும். காசு கிடையாது, லைசென்ஸ் கிடையாது. முன்பு ஆன் செய்துவிட்டு டீ வாங்கிக்கொண்டு வந்து உட்காரலாம். இப்போது ஸ்விட்சைத் தட்டி நாற்காலியை இழுப்பதற்குள் திரை வந்துவிடுகிறது. பாதிப் பெருமை எஸ்.எஸ்.டி.க்குத்தான் போக வேண்டும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

இந்த மெஷினால் கிடைத்த ஒரு நன்மையைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஜெராக்ஸ் கடைக்கு வரும் பென்டிரைவ்கள் எப்படி இருக்கும் என்று கடைக்காரர்களுக்குத் தெரியும். பத்துக் கடை ஏறி இறங்கியவை. போன வாரம் ஒரு மாணவி புராஜெக்ட் பிரிண்ட் எடுக்க வந்தார். வேறு கடையில் செருகியபோது ஃபைல் எதுவும் இல்லை, எல்லாம் ஷார்ட்கட்டாக மாறிவிட்டன என்று அழாத குறை. மின்ட்டில் செருகினேன். அந்த ஷார்ட்கட்டுகள் இங்கே வெறும் செத்த ஃபைல்களாகக் கிடந்தன, தட்டினால் ஒன்றும் ஓடாது. பக்கத்திலேயே பெயரில்லாத ஒரு ஃபோல்டர், அதற்குள் அவருடைய புராஜெக்ட் முழுசாக இருந்தது. விண்டோஸில் கண்ணுக்குத் தெரியாமல் மறைத்து வைத்திருந்தது இங்கே தெரிந்தது. அதை வேறு பென்டிரைவில் எடுத்துக் கொடுத்தேன். அன்றிலிருந்து யார் பென்டிரைவ் நீட்டினாலும் முதலில் மின்ட் மெஷினில்தான் செருகுவது என்று வைத்திருக்கிறேன். லினக்ஸுக்கு வைரஸே வராது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் நம் ஊர் பென்டிரைவ்களில் திரிகிறவை பெரும்பாலும் விண்டோஸுக்காக எழுதப்பட்டவை.

கஷ்டமும் இருந்தது. நான் தமிழ்த் தட்டச்சு முதுநிலை தேறியவள், விரல் டைப்ரைட்டர் முறைக்குப் பழகியது. மின்ட்டில் ஐபஸ் என்ற அமைப்பின் வழியாகத் தட்டச்சு முறை, தமிழ் 99 என்ற விசைப்பலகை முறை இரண்டும் கிடைக்கின்றன. ஆனால் சில குறிகள் நான் பழகிய இடத்தில் இல்லை. சில நாள் விரல் தடுமாறியது, பிறகு சரியாகிவிட்டது. புதிதாகத் தமிழ் அடிக்கப் பழகும் பிள்ளைகளுக்கு நான் தமிழ் 99-ஐத்தான் சொல்கிறேன். 1999-இல் தமிழ்நாடு அரசு ஏற்ற முறை, எந்த ஓ.எஸ். போனாலும் அது இருக்கும்.

பெரிய சிக்கல் வக்கீல் குமாஸ்தாக்கள் அனுப்பும் ஃபைல்களில் வந்தது. லதா எழுத்துருவில் அடித்து அனுப்புவார்கள், அது மைக்ரோசாஃப்டின் எழுத்துரு. மின்ட்டில் லிப்ரே ஆபீஸ் என்ற இலவச ஆபீஸ் மென்பொருளில் திறந்தால் வேறு எழுத்துருவுக்கு மாறி, வரிகள் நகர்ந்து, ஏழாம் பக்கத்தில் முடிய வேண்டியது எட்டாம் பக்கத்துக்குப் போய்விடும். இண்டெக்ஸில் பக்க எண் தப்பாகிவிடும், கோர்ட்டில் திருப்பிவிடுவார்கள். இப்போது மூன்று மெஷினிலும் நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவைப் போட்டுவிட்டேன். இலவசம், எங்கும் ஓடும். அதிலேயே அடிக்கிறோம், கடைசியில் பி.டி.எஃப். ஆக்கித்தான் அனுப்புகிறோம். பி.டி.எஃப். ஆக்கினால் எழுத்து நகராது.

பிரிண்டர் விஷயத்தில் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். ஹெச்.பி. பிரிண்டர்கள் பெரும்பாலும் சிரமம் தராது, அதற்கென்றே லினக்ஸ் மென்பொருள் இருக்கிறது. எப்சன் இங்க் டேங்க் வகைகளுக்கும் டிரைவர் கிடைக்கிறது. வேறு சில பழைய லேசர் பிரிண்டர்கள் படுத்தி எடுத்துவிடும். மாறுவதற்கு முன்பே சோதித்துவிட்டால் நல்லது.

சோதிப்பது எளிது என்பதுதான் பலருக்குத் தெரிவதில்லை. மின்ட்டை ஒரு எட்டு ஜி.பி. பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே கம்ப்யூட்டரைத் துவக்கலாம். உள்ளே இருக்கும் விண்டோஸைத் தொடவே தொடாது. வைஃபை வருகிறதா, பிரிண்ட் போகிறதா, சத்தம் கேட்கிறதா, எல்லாம் பார்த்துவிட்டு, பிடிக்கவில்லை என்றால் பென்டிரைவைப் பிடுங்கிவிட்டு மறுபடி ஆன் செய்தால் பழையபடி விண்டோஸ் வந்து நிற்கும்.

ஏற்காடு நாகலூரிலிருந்து ஒரு தம்பி வருவான், இங்கே கல்லூரியில் படிக்கிறான். அவன் அக்கா பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்த மடிக்கணினி அவனிடம் இருந்தது. திறந்தால் விசிறி மலையேறுகிற லாரி மாதிரி சத்தம் போடும், பத்து நிமிஷத்துக்கு எதுவும் அசையாது. "இதை எடைக்குத்தான் போடணும்க்கா" என்றான். கடையில் வைத்தே பென்டிரைவைச் செருகி மின்ட்டைக் காட்டினேன். அவன் முதலில் பார்த்தது வைஃபை. அவன் ஊரில் சிக்னல் ஒரு மூலையில்தான் கிடைக்கும், போனிலிருந்து ஹாட்ஸ்பாட் வைத்துத்தான் படிக்க வேண்டும். போன் பெயர் பட்டியலில் வந்ததும் முகம் மாறியது. அப்புறம் யூடியூப் திறந்தான், பைத்தான் நிரல் எழுதுகிற செயலி இருக்கிறதா என்று தேடினான். பைத்தான் உள்ளேயே இருந்தது. "அப்படியே போட்டுக் கொடுங்கக்கா" என்றான். அவன் அக்காவின் கல்யாணப் படங்கள் அந்த மடிக்கணினியில் இருந்தன. அவற்றை முதலில் எடுத்து வைத்துவிட்டுத்தான் போட்டேன்.

இதைச் சொல்லும்போது ஒன்று நினைவுக்கு வருகிறது. 2011-இல் அரசு மடிக்கணினித் திட்டம் தொடங்கியபோது கொடுத்தவற்றில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கியது. அப்போது பிள்ளைகள் கடைகளுக்கு வந்து கேட்டது, "இந்த பாஸை எடுத்துட்டு விண்டோஸ் மட்டும் போட்டுக் கொடுங்க" என்றுதான். அவர்களைக் குறை சொல்லவில்லை. கையில் கொடுத்தார்கள், கற்றுக் கொடுக்கவில்லை. பக்கத்துக் கேரளத்தில் அரசுப் பள்ளிகளில் பாடமே லினக்ஸில்தான் நடக்கிறது, ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்து, பாடப் புத்தகத்திலேயே சேர்த்துச் செய்தார்கள். அங்கே நிலைத்தது. நம் ஊர் கோர்ட்டுக்கு வருகிறவர்களுக்கு இன்னொரு செய்தி. நாடு முழுவதும் நடக்கும் இ-கோர்ட்ஸ் திட்டத்தில் நீதிபதிகளுக்குக் கொடுத்த மடிக்கணினிகளில் உபுண்டு என்ற லினக்ஸ் வகையைத்தான் போட்டுக் கொடுத்து, அதில் பயிற்சியும் அளித்தார்கள். "லினக்ஸெல்லாம் இன்ஜினியர்களுக்கு" என்று சொல்கிறவர்களிடம் நான் இதைத்தான் சொல்வது.

மூன்றாவது மெஷினை நான் மாற்றவில்லை. அதில் பக்கம் வடிவமைக்கும் பழைய மென்பொருளான பேஜ்மேக்கர் இருக்கிறது. கல்யாணப் பத்திரிகை, கோயில் கும்பாபிஷேக அழைப்பிதழ் எல்லாம் பழைய எழுத்துருக்களில் வருடக்கணக்காகச் சேர்த்த ஃபைல்கள். சித்தர் கோயில் அன்னதான நோட்டீஸ் என்றால் போன வருஷத்து ஃபைலைத் திறந்து தேதியை மாற்றிக் கொடுப்பேன். இதை லினக்ஸுக்குக் கொண்டுபோவது நடக்காத காரியம். ஆகவே மைக்ரோசாஃப்ட் கொடுக்கும் கூடுதல் ஒரு வருடப் பாதுகாப்பில் சேர்த்திருக்கிறேன். இது பலருக்குத் தெரியவில்லை. விண்டோஸ் 10-இன் 22ஹெச்2 பதிப்பு இருந்தால், விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே "என்ரோல்" என்று ஒரு இணைப்பு வரும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, அமைப்புகளை அந்தக் கணக்கில் சேமிக்க ஒப்புக்கொண்டால் காசு கிடையாது. இல்லையென்றால் அவர்களுடைய ரிவார்ட்ஸ் புள்ளி 1,000 அல்லது 30 டாலர். 2026 அக்டோபர் 13 வரை திருத்தங்கள் வரும். படங்களையும் சேர்த்து மேலே ஏற்றப் போனால் ஐந்து ஜி.பி.யோடு இலவச இடம் முடிந்து காசு கேட்கும், அமைப்புகளை மட்டும் தேர்ந்தெடுங்கள். இது வீட்டுப் பயன்பாட்டு மெஷின்களை மனதில் வைத்த திட்டம். டொமைனில், அதாவது நிறுவன நெட்வொர்க்கில் கட்டிய அலுவலக மெஷின்களுக்கு வேறு கணக்கு, முதல் வருடம் 61 டாலர், அடுத்தடுத்த வருடம் இரட்டிப்பாகும். அந்த அக்டோபர் முடிந்ததும் என் மூன்றாவது மெஷினில் நெட் கேபிளைக் கழற்றிவிடுவேன். அது பத்திரிகை அடிக்க மட்டும் இருக்கும்.

கொலுசுப் பட்டறைக்காரரிடமும் நான் லினக்ஸ் போடச் சொல்லவில்லை. அவருக்கு டேலி என்ற கணக்கு மென்பொருள் வேண்டும். வெள்ளி வரவு, டச், சேதாரம், கூலி எல்லாம் அதில்தான் இருக்கிறது, ஆடிட்டரும் அதைத்தான் கேட்பார். டேலி விண்டோஸில் ஓடுவது. ஜி.எஸ்.டி.க்கு டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் செருகுகிறவர்கள், ஆதார் கைரேகைக் கருவி வைத்துப் பணம் கொடுக்கிறவர்கள், இவர்களும் அவசரப்பட்டு மாறக் கூடாது. அந்தக் கருவிகளின் மென்பொருள் பெரும்பாலும் விண்டோஸுக்காக எழுதப்பட்டவை. லினக்ஸில் சிலவற்றுக்கு டிரைவர் உண்டு, சிலவற்றுக்கு இல்லை. பட்டறைக்காரருக்குக் கூடுதல் ஒரு வருடத்தில் சேர்த்துக் கொடுத்தேன். அதற்குள் பணம் சேர்த்து நிதானமாக ஒரு மெஷின் வாங்கட்டும். வாங்குவது பாவம் இல்லை. தேவை தெரிந்து வாங்க வேண்டும்.

எக்ஸ்பி போனபோது, 2014-இல், இவ்வளவு குழப்பம் இல்லை, ஏனென்றால் எக்ஸ்பி மெஷின்கள் நிஜமாகவே ஓய்ந்து போயிருந்தன. 2020 ஜனவரியில் விண்டோஸ் 7 முடிந்தபோதும் பெரும்பாலான மெஷின்களில் 10-ஐ அப்படியே போட்டுக்கொள்ள முடிந்தது. இந்த முறை நன்றாக உழைக்கிற மெஷினே தகுதியில்லை என்று தள்ளப்படுகிறது, அதனால்தான் இந்தக் கவலை. விண்டோஸ் 7-இல் அப்படியே இருந்துவிட்டவர்களுக்கு 2023-இல் குரோம் பிரவுசர் 109-ஆம் பதிப்போடு நின்றுபோனது. வங்கித் தளங்கள் ஒவ்வொன்றாகக் கேள்வி கேட்க ஆரம்பித்தன. விண்டோஸ் 10-க்கும் ஒருநாள் அது வரும், இப்போது இல்லை. யோசிக்க நேரம் இருக்கிறது.

உங்கள் பத்திரிகை மூலம் சில கோரிக்கைகளையும் வைக்கிறேன்.

கம்ப்யூட்டர் கடைகள் சர்வீஸ் பில்லில் என்ன செய்தோம் என்று எழுதித் தர வேண்டும். எந்த விண்டோஸ், எந்தப் பதிப்பு, லைசென்ஸ் யாருடையது, தகுதி இல்லாத மெஷினில் குறுக்கு வழியில் போட்டதா என்பது பில்லில் இருக்க வேண்டும். நான் என் கடையில் எழுதித் தருகிறேன், ஒரு நிமிஷ வேலை.

மாவட்ட நிர்வாகம் மனசு வைத்தால் கருப்பூர் அரசு பொறியியல் கல்லூரி, நம் ஊர் பாலிடெக்னிக் மாணவர்களைக் கொண்டு சனிக்கிழமைகளில் ஒரு உதவி மையம் நடத்தலாம். மெஷினைக் கொண்டு வருகிறவர்களுக்கு டி.பி.எம். இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல ஐந்து நிமிஷம் ஆகாது. மின்ட் பென்டிரைவ் ஒன்று வைத்துக் காட்டலாம். ஏற்காட்டிலும் மாதம் ஒருமுறை நடந்தால் மலைக் கிராமத்துப் பிள்ளைகள் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு இருபது கொண்டை ஊசி வளைவு இறங்க வேண்டியதில்லை.

அரசுத் துறைகளுக்கு ஒன்று. 2010-லேயே, எந்தக் கம்ப்யூட்டரிலும் ஒரே மாதிரி தெரியும் யூனிகோடு எழுத்துக் குறியீட்டைத் தமிழுக்கான தரமாக அரசு அறிவித்துவிட்டது. இன்னும் பழைய எழுத்துருவில் படிவம் வைத்திருக்கும் அலுவலகங்கள் அதை யூனிகோடுக்கு மாற்றினால் பாதி மெஷின்கள் விண்டோஸை நம்பியிருக்க வேண்டிய அவசியமே இருக்காது. கைரேகைக் கருவி, கையெழுத்து டோக்கன் வாங்கும்போது லினக்ஸ் டிரைவரும் வேண்டும் என்று டெண்டரில் ஒரு வரி சேர்த்தாலே கம்பெனிகள் செய்து கொடுத்துவிடும்.

உடைந்த, நிஜமாகவே உதவாத மெஷின்களைப் பழைய இரும்புக்காரரிடம் போடாமல், பதிவு பெற்ற மின்கழிவு மறுசுழற்சியாளரிடம் கொடுக்கவும் ஒரு ஏற்பாடு வேண்டும். அதற்கான விதிகள் 2023 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ளன. சேலத்தில் எங்கே கொடுப்பது என்பதை மாநகராட்சி வார்டு அலுவலகங்களில் எழுதி ஒட்டினால் போதும்.

உங்கள் பத்திரிகையில் வாரம் ஒரு கால் பக்கம் இதற்கு ஒதுக்குவீர்களா? வாசகர்கள் மெஷின் விவரத்தை எழுதி அனுப்பட்டும். அதில் வரும் கேள்விகளுக்குப் பதில் எழுத நான் தயார், சம்பளம் வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
அஸ்தம்பட்டி, சேலம்.